எலும்பு, தசைச் சொற்கள் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கின்றன, வழி சொல்லுங்கள்

பிரண்டை_தனம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு இப்போது மெடிக்கல் கோடிங் (மருத்துவ ரிப்போர்ட்டில் உள்ள நோய், சிகிச்சைகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை) பயிற்சியில் இருக்கிறேன். தோல், சுவாசம், செரிமானம் வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டேன். எலும்பும் தசையும் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பயிற்சி மையத்தில் அகரவரிசைப்படி ஒரு பட்டியலைக் கொடுத்து “மனப்பாடம் பண்ணிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்கள். காலையில் படித்தது மத்தியானச் சாப்பாட்டுக்குள் காணாமல் போய்விடுகிறது.

ஸ்பாண்டிலோ என்று தொடங்கும் நான்கு சொற்களும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. அப்டக்ஷன், அடக்ஷன் எது எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் குழப்பம். மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பாம். பெரியவர்களுக்கு 206 எலும்பு என்று பள்ளியில் படித்தபோது இவ்வளவு பயமாக இல்லை.

தமிழில் அர்த்தம் எழுதி வைத்துப் படித்தால் உதவுமா, இல்லை அது இரட்டை வேலையா? வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

புலம்பல்_புலி

எனக்கும் அதே கதைதான். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்று வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் கழுத்து வலிக்கிறது. துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டேன், பெரியவர்கள் வாங்க.

கோடிங்_அண்ணன்

புலி, நீங்கள் சொன்ன சொல்லே நல்ல பாடம். ஸ்டெர்னோ மார்பெலும்பு, கிளைடோ காறையெலும்பு, மாஸ்டாய்டு காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பு. தசை எங்கிருந்து கிளம்பி எங்கே போய் ஒட்டுகிறது என்ற முகவரிதான் அந்தப் பெயர். இப்படி நீளமான பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை தங்களைத் தாங்களே விளக்கிக்கொள்ளும். டேலஸ், அல்னா மாதிரி குட்டிச் சொற்கள்தான் நேராக மனப்பாடம் செய்ய வேண்டியவை.

தனம், அந்த அகரவரிசைப் பட்டியலை ஓரமாக வையுங்கள். அதில் ஆர்த்ரோ ஒரு பக்கம், பிளாஸ்டி இன்னொரு பக்கம் கிடக்கும். சொல்லை வாலிலிருந்து படியுங்கள். வால் என்ன நடந்தது என்று சொல்லும், தலை எங்கே என்று சொல்லும். ஆர்த்ரோ என்றால் மூட்டு. அதோடு ஆல்ஜியா சேர்ந்தால் வலி, ஐட்டிஸ் சேர்ந்தால் அழற்சி, ஸ்கோபி என்றால் கேமரா விட்டுப் பார்ப்பது, சென்டெசிஸ் என்றால் ஊசி போட்டு நீர் எடுப்பது, பிளாஸ்டி என்றால் மூட்டைச் சீரமைப்பது அல்லது மாற்றுவது, டெசிஸ் என்றால் மூட்டை அசையாமல் இணைத்துவிடுவது.

கடைசி இரண்டைக் கவனியுங்கள். ஆர்த்ரோபிளாஸ்டி மூட்டு அசைய வேண்டும் என்று செய்வது. ஆர்த்ரோடெசிஸ் இனி அசையவே கூடாது என்று செய்வது. நேர் எதிர். புதிதாக வருபவர்கள் இரண்டையும் “ஏதோ மூட்டு ஆபரேஷன்” என்று ஒன்றாகப் போட்டுவிடுவார்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. வால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஸ்பாண்டிலோலைசிஸில் லைசிஸ் ஒரு கோளாறு. டெனோலைசிஸில் அதே லைசிஸ் ஒரு அறுவை சிகிச்சை, ஒட்டிக்கொண்ட தசைநாணைப் பிரித்து விடுவது. முதலாவது நோய்க் குறியீட்டுக்குப் போகும், இரண்டாவது செய்முறைக் குறியீட்டுக்குப் போகும்.

முட்டிப்_பிசியோ

நான் கோடிங் ஆள் இல்லை, மதுரைப் பக்கம் பிசியோதெரபிஸ்ட். இருந்தாலும் சொல்கிறேன், இந்தச் சொற்களைப் புத்தகத்தில் தேடாதீர்கள், உங்கள் உடம்பிலேயே தேடுங்கள்.

அப்டக்ஷன் என்றால் கையோ காலோ நடுக்கோட்டை விட்டு அப்பால் போவது. அப், அப்பால், அவ்வளவுதான். அடக்ஷன் என்றால் உள்ளே அடக்கிக்கொள்வது. இதை ஒருமுறை கையைத் தூக்கி இறக்கிச் செய்து பாருங்கள், இந்த ஜென்மத்துக்கு மறக்காது. சொல்லும்போது காதில் இரண்டும் ஒன்றாக விழுவதால்தான் டிக்டேஷனில் பல டாக்டர்கள் “ஏ-பி-டக்ஷன்”, “ஏ-டி-டக்ஷன்” என்று எழுத்துக்கூட்டிச் சொல்கிறார்கள்.

கோயிலில் தீர்த்தம் வாங்க நீட்டுகிற கை சூப்பினேஷன். அதே கையைக் கவிழ்த்தால் புரோனேஷன். சூப்பினேஷனில் முன்கையின் இரண்டு எலும்புகளும் பக்கத்துப் பக்கத்தில் இணையாக இருக்கும். கவிழ்க்கும்போது ரேடியஸ் அல்னாவின் குறுக்கே புரண்டு போகும். இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் அந்தப் புரளல் தெரியும்.

கணுக்காலில் இரண்டு பக்கமும் முண்டு இருக்கிறதல்லவா? இரண்டும் ஒரே எலும்பு என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். உள்பக்க முண்டு கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவின் நுனி, வெளிப்பக்க முண்டு ஒல்லி எலும்பான ஃபிபுலாவின் நுனி. வெளிமுண்டு சற்றுக் கீழே இறங்கியிருக்கும், தடவிப் பாருங்கள்.

தமிழ் அர்த்தம் பற்றிக் கேட்டீர்கள். எழுத்துத் தமிழ் உதவும். பேச்சுத் தமிழை அப்படியே கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் கிளினிக்கில் ‘ஜவ்வு’ என்ற ஒரே சொல் எத்தனை வேஷம் கட்டுகிறது தெரியுமா? முட்டி வலியோடு வருகிற பாட்டி “ஜவ்வு தேஞ்சு போச்சு தம்பி” என்பார், அது குருத்தெலும்பு. கபடி ஆடிவிட்டு வருகிற பையன் “ஜவ்வு கிழிஞ்சிருச்சுண்ணே” என்பான், அது ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்ட்) ஆகவும் இருக்கலாம், மெனிஸ்கஸாகவும் (முட்டிக்குள் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு) இருக்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருப்பவர் “முதுகுல ஜவ்வு விலகிருச்சாம் சார்” என்பார், அது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க். ‘நரம்பு’ இன்னும் மோசம். ரத்தக்குழாய், தசைநாண், உண்மையான நரம்பு மூன்றுக்கும் ஊரில் அதே பெயர்தான். கேட்கிற எங்களுக்கு இது பிழைப்பு, விரலை வைத்துக் காட்டச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவோம். ரிப்போர்ட் படிக்கிற உங்களுக்கு விரல் காட்ட யாரும் இல்லை.

பிரண்டை_தனம்

அப்பால், அடக்கு! இது போதும் சார், ஒரு பக்கம் தீர்ந்தது. வால்கஸ், வேரஸ் இரண்டுக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா?

முட்டிப்_பிசியோ

வேரஸ் என்றால் வில். முட்டிகள் விலகி, கால் வில் மாதிரி வளைந்திருப்பது ஜீனு வேரம். முட்டித் தேய்மானத்தோடு வருகிற வயதானவர்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன், உள்பக்கம் அதிகமாகத் தேய்வதால் கால் வில்லாகிவிடும். வால்கஸ் அதற்கு எதிர், முட்டி இரண்டும் தட்டிக்கொள்ளும். எப்போதும் மூட்டுக்குக் கீழே இருக்கிற எலும்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வெளியே சாய்ந்தால் வால்கஸ், உள்ளே சாய்ந்தால் வேரஸ். பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்கிற ஹாலக்ஸ் வால்கஸுக்கும் இதே கணக்குதான்.

இருட்டறை

ரேடியோகிராஃபர். ஸ்பாண்டிலோ கேள்வியை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்பாண்டிலோ என்றால் முள்ளெலும்பு. நம் ஊரில் கழுத்து வலித்தாலே “ஸ்பாண்டிலைட்டிஸ்” என்று சொல்லிவிடுகிறார்கள். தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பாயில் படுப்பவர்களைக் கேளுங்கள், பத்தில் எட்டுப் பேர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஸ்பாண்டிலோசிஸ், அதாவது வயதோடு வருகிற தேய்மானம். எக்ஸ்ரேயில் முள்ளெலும்பின் ஓரத்தில் சின்னச் சின்ன முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு ஆஸ்டியோஃபைட் என்று பெயர். தாவரவியல் படித்தவருக்கு ஃபைட் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான ஸ்பாண்டிலைட்டிஸ் அழற்சி. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். காலையில் எழும்போது முதுகு இறுகியிருக்கும், நடக்க நடக்கக் குறையும். ஓய்வெடுத்தால் சரியாகாது, அதுதான் வித்தியாசம்.

ஸ்பாண்டிலோலைசிஸ் என்றால் முள்ளெலும்பின் பின்பக்கம் பார்ஸ் என்கிற மெல்லிய பாலத்தில் விரிசல். பெரும்பாலும் இடுப்பின் ஐந்தாவது முள்ளெலும்பில். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று செய்தியில் வரும்போது பல நேரம் இந்த இடம்தான், அதுவும் பந்து வீசாத கைப்பக்கம். சாய்வாக எக்ஸ்ரே எடுத்தால் அந்தப் பகுதி ஒரு குட்டி நாய் நிற்பது மாதிரித் தெரியும். நாயின் கழுத்தில் பட்டை கட்டியது போல ஒரு கோடு விழுந்தால் பார்ஸ் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். படிக்கும்போது இதை நம்பவில்லை, முதல் படத்தைப் பார்த்ததும் நம்பினேன்.

அந்த விரிசல் இரண்டு பக்கமும் விழுந்து மேல் எலும்பு முன்னால் வழுக்கினால் ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ். விரிசல் இல்லாமல் தேய்மானத்தாலும் வழுக்கும். கால் பங்கு வரை வழுக்கினால் முதல் நிலை, பாதி வரை இரண்டாம் நிலை, இப்படியே நான்கு வரை போகும்.

கோடிங்_அண்ணன்

இருட்டறை சார் சொன்னதை அப்படியே ஐசிடியில் (நோய்க் குறியீட்டுப் பட்டியல்) வைத்துப் பாருங்கள். தேய்மானம் எம்47, ஆங்கிலோசிங் எம்45, விரிசல் எம்43.0, வழுக்கல் எம்43.1. வாலில் இரண்டு எழுத்து மாறினால் குறியீடு மாறிவிடுகிறது.

எம்47க்குள் போனால் இன்னொரு கண்ணி காத்திருக்கும். மயலோபதியோடா, ரேடிகுலோபதியோடா (பதி என்றால் பாதிப்பு), இரண்டும் இல்லாமலா என்று கேட்கும். கழுத்துக்கு எம்47.12, எம்47.22, எம்47.812 என்று மூன்று வழி. ரேடிகுலோ என்றால் நரம்பு வேர், ரேடியஸ் எலும்போடு முடிச்சுப் போடாதீர்கள். மயலோ என்றால் இங்கே தண்டுவடம். ஆனால் மயலோமா என்று வந்தால் எலும்பு மஜ்ஜை, ஆஸ்டியோமயலைட்டிஸிலும் மஜ்ஜைதான். போலியோமயலைட்டிஸில் மறுபடியும் தண்டுவடம். வெறும் மயோ என்றால் தசை. ஒரு ‘ல’ வந்தாலே ஆள் மாறிவிடும்.

புலம்பல்_புலி

இந்தச் சொற்களை உண்டாக்கியவர் மட்டும் கையில் கிடைத்தால் ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் ஆக்கிவிடுவேன்.

ஹெர்பேரியம்

தனம், நானும் தாவரவியல்தான், இப்போது ஆர்த்தோ கோடிங்கில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பரணிலேயே புதையல் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பட்டம் முழுக்க லத்தீனும் கிரேக்கமும் படித்தவர். செடிக்குப் பெயர் வைத்தவர்களும் எலும்புக்குப் பெயர் வைத்தவர்களும் ஒரே அகராதியைத்தான் வைத்திருந்தார்கள்.

உங்கள் பெயரிலேயே ஆரம்பிப்போம். பிரண்டை, சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ். நான்கு பட்டைத் தண்டு. இனி குவாட்ரிசெப்ஸ் என்றால் நான்கு தலைத் தசை, குவாட்ரேட்டஸ் என்றால் நாற்சதுரத் தசை என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா? எலும்பு முறிவுக்கு ஊரில் கட்டுகிற செடியும் அதுவே என்பது கூடுதல் பொருத்தம். அருகம்புல் சைனோடான் டாக்டிலான். பேரீச்சை ஃபீனிக்ஸ் டாக்டிலிஃபெரா. டாக்டில் என்றால் விரல். பாலிடாக்டிலி கூடுதல் விரல், சின்டாக்டிலி ஒட்டிய விரல், டாக்டிலைட்டிஸ் வீங்கிய விரல்.

இலுப்பை மதுக்கா லாங்கிஃபோலியா, நீண்ட இலை. தசைகளில் லாங்கஸ் என்று வருவதெல்லாம் நீளமானவை. ஈட்டி மரம் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா, அகன்ற இலை. முதுகை அகலமாக மூடியிருக்கும் தசை லாட்டிசிமஸ். இலை விளிம்பு செரேட் என்றால் ரம்பப் பல். விலா எலும்புகளில் பல் பல்லாக ஒட்டியிருக்கும் தசை செரேட்டஸ். டெரெட் என்று உருண்டைத் தண்டைச் சொல்வோமே, தோளில் இருக்கும் டெரஸ் மேஜர், டெரஸ் மைனர் அதே சொல். டெல்டாய்டு இலையும் டெல்டாய்டு தசையும் ஒரே முக்கோணம். இலை அடிப்பகுதி கியூனியேட் என்றால் ஆப்பு வடிவம், பாதத்தில் மூன்று கியூனிஃபார்ம் எலும்பு இருக்கிறது. பென்னேட் தசை என்று படிப்பீர்கள், நம் பின்னேட் கூட்டிலை மாதிரி நடுவில் தசைநாண், இரண்டு பக்கமும் இழை.

மணிக்கட்டு எட்டுக்கும் நம் முறையே போதும், வடிவத்தை வைத்துப் பிடியுங்கள். கட்டைவிரல் பக்கமிருந்து மேல் வரிசை: படகு, பிறை, முக்கோணம், பட்டாணி. கீழ் வரிசை: மேசை, குட்டி மேசை, தலை, கொக்கி. ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரம், பிசிஃபார்ம், ட்ரப்பீசியம், ட்ரப்பிசாய்டு, கேபிடேட், ஹேமேட். பட்டாணிக்குப் பைசம் சட்டைவம் என்று மெண்டல் பாடத்தில் எழுதாத தேர்வு உண்டா? அதே பைசம்தான் பிசிஃபார்ம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு காதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அது முதலெழுத்தை மட்டும் தரும், அதிலும் ‘ட்ர’ மூன்று இருப்பதால் எது எதுவென்று மறுபடியும் குழம்பும்.

பிரண்டை_தனம்

அக்கா! கிடுகிடுவென்று பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்துப் புரட்டினேன். நாயுருவி, அகிரேந்தஸ் ஆஸ்பெரா. ஆஸ்பெரா என்றால் சொரசொரப்பு. தொடையெலும்பின் பின்பக்கம் லீனியா ஆஸ்பெரா என்று ஒரு கோடு இருக்கிறது, அது சொரசொரப்பான கோடு! பட்டியலில் இருந்த இந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை அடித்து அடித்து எழுதியிருப்பேன்.

அப்படியென்றால் பலா மரம், ஆர்ட்டோகார்ப்பஸ்? ஆர்த்ரோ, கார்ப்பஸ், மணிக்கட்டு மூட்டு?

ஹெர்பேரியம்

ஹா ஹா, அங்கேதான் சறுக்கும். ஆர்ட்டோ என்றால் ரொட்டி, ஆர்த்ரோ வேறு. கார்ப்பஸ் செடியில் பழம், கையில் மணிக்கட்டு. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு, பொருள்தான் வேறு. நம் பூவின் கார்ப்பெல் பழத்தின் பக்கத்து உறவு, மணிக்கட்டின் கார்ப்பல் எழுத்தில் ஒன்று மாறும். ‘பெட்’ இன்னொரு ஆபத்து. ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பது பாதம் இல்லை, குழந்தை. பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆண்ட்ரி 1741ல் நிமிர்ந்த, குழந்தை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கியது அந்தப் பெயர், குழந்தைகளின் கோணலை நிமிர்த்துவது பற்றிய புத்தகத்துக்காக. முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்குப் போகும் தாத்தாவும் அதே துறைக்குத்தான் போகிறார்.

வடலி

யாழ்ப்பாணத்தில் தாதியருக்குப் படிப்பித்தவள், இப்போது ஓய்வு. பிள்ளை, தமிழில் எழுதிப் படிப்பது இரட்டை வேலையா என்று கேட்டிருந்தாய். எங்கள் பக்கத்தில் அது பழைய விஷயம். 1847ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் அங்காதிபாதம். 1873ல் ஊர் திரும்பும்வரை உடற்கூறு, அறுவை என்று பல நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார்.

ஆனால் ஒன்று கவனம். நாங்கள் பள்ளியில் படித்தது வன்கூடு, என்பு, கசியிழையம். நீங்கள் படித்தது எலும்புக்கூடு, எலும்பு, குருத்தெலும்பு. டெண்டானைத் தசைநாண் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், டெண்டானுக்கும் லிகமெண்டுக்கும் சேர்த்துத் தசைநார் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு நூலிலிருந்து பாதி, இன்னொன்றிலிருந்து பாதி எடுத்தால் குழம்பிவிடுவாய். ஒரு தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுத்துக் கொப்பியில் கடைசிவரை அதையே எழுது. எலும்பையும் தசையையும் ஒட்டுவது டெண்டான், எலும்பையும் எலும்பையும் பிணைப்பது லிகமெண்ட். இதைச் சொல் மாறாமல் பிடித்துக்கொள்.

முட்டிப்_பிசியோ

அம்மா சொன்ன கடைசி வரிக்கு ஆயிரம் லைக். ஒன்று சேர்க்கிறேன், வால் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸில் ஐட்டிஸ் இருந்தாலும் கதை முக்கியமாகத் தேய்மானம். டென்னிஸ் எல்போவை எபிகாண்டைலைட்டிஸ் என்று எழுதுகிறார்கள், உள்ளே பார்த்தால் அழற்சியை விடத் தசைநாண் சிதைவுதான் அதிகம். பெயர் முதலில் வந்துவிட்டது, அறிவு பிறகு வந்தது.

இருட்டறை

பெயர் மாறுவதும் உண்டு. காலின் வெளிப்பக்கத் தசைகளைப் பெரோனியஸ் என்று படித்தோம். 1998ல் வந்த சர்வதேச உடற்கூற்றுச் சொற்பட்டியல் ஃபிபுலாரிஸ் என்பதை முன்னுக்கு வைத்தது. ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டும் வரும். பெரோனியல் என்பதைப் பெரினியல் என்று படித்துவிடாதீர்கள், காலில் இருந்து எங்கேயோ போய்விடுவீர்கள். இலியம் என்ற இடுப்பெலும்பும் இலியம் என்ற சிறுகுடலின் கடைசிப் பகுதியும் காதுக்கு ஒன்றுதான், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வித்தியாசம். ரிப்போர்ட் வயிற்றைப் பற்றியதா இடுப்பைப் பற்றியதா என்று முதல் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோடிங்_அண்ணன்

எலும்பு முறிவில் ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. ஓப்பனா (தோல் கிழிந்த முறிவு) குளோஸ்டா என்று டாக்டர் எழுதவில்லை என்றால் குளோஸ்ட். விலகியதா விலகாததா என்று எழுதவில்லை என்றால் விலகியது. இரண்டாவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், எழுதாவிட்டால் லேசானது என்றுதானே மனசு நினைக்கும்? விதி அப்படி இல்லை. முறிவுக் குறியீட்டின் ஏழாவது எழுத்தில் ஏ (A) என்றால் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, முதல் வருகை என்று பொருள் இல்லை. கே (K) என்றால் எலும்பு கூடவில்லை, பி (P) என்றால் கோணலாகக் கூடிவிட்டது.

பிரண்டை_தனம்

எல்லோருக்கும் நன்றி. பயிற்சிக்குக் கொடுத்த ஒரு ஆபரேஷன் குறிப்பை உடைத்துப் பார்த்தேன், சரியா சொல்லுங்கள். வலது முழங்காலில் ஆர்த்ரோஸ்கோபி, உள் மெனிஸ்கஸிலும் வெளி மெனிஸ்கஸிலும் பகுதி மெனிஸ்செக்டமி, பட்டெல்லாவில் (முட்டிச்சில்லு) காண்ட்ரோபிளாஸ்டி. ஸ்கோபி கேமரா. எக்டமி வெட்டி எடுப்பது, கிழிந்த பகுதியை மட்டும். காண்ட்ரோ குருத்தெலும்பு, பிளாஸ்டி சீரமைப்பு, இங்கே வழவழப்பாகச் சீவி விடுவது. இரண்டு மெனிஸ்கஸும் என்பதால் செய்முறைக் குறியீடு 29880. காண்ட்ரோபிளாஸ்டிக்குத் தனியாக 29877 சேர்க்க வேண்டுமா?

கோடிங்_அண்ணன்

29880 சரி. ஒரு பக்கம் மட்டும் என்றால் 29881 ஆகியிருக்கும். காண்ட்ரோபிளாஸ்டியைத் தனியாகச் சேர்க்காதீர்கள். அந்தக் குறியீட்டின் விளக்கத்திலேயே, அதே அறையோ வேறு அறையோ, குருத்தெலும்பைச் சீவுவது அடங்கிவிடுகிறது. வலது என்பதற்கு ஆர்டி மாடிஃபையர் போட்டீர்களா?